பாய் கடையில் பத்து அம்பு

சென்ற மாதம் சர்வே ஆபீஸ் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டு, முக்காலியில் நிற்கும் ஒரு புதுக் கருவியைக் காட்டினார்கள். வானத்தில் சுற்றும் எதையோ கேட்டு, நாம் நிற்கும் இடத்தைத் தானே சொல்லிவிடுமாம். "உங்க காலத்துல சங்கிலிதானே சார், பாவம்" என்றான் ஒருவன். எனக்கு அதன்மேல் பொறாமை ஒன்றும் இல்லை. இது அப்போதே இருந்திருந்தால் என் முழங்கால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இன்னொருத்தி, புதிதாகச் சேர்ந்தவள், கேட்டாள்: "வேலை முடிஞ்சதும் என்ன சார் பண்ணுவீங்க? அப்ப போர்ட் பிளேர்ல ஒண்ணுமே இருந்திருக்காதே?"

ஒன்றுமே இல்லையா! காசிம் பாய் கடை இருந்தது. அன்று அவளுக்கு அரை மணி நேரம் பதில் சொல்லியும் முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். மெட்ராஸில் கப்பல் ஏறி, நான்கு நாள் வாந்தி எடுத்து, சாத்தம் ஜெட்டியில் இறங்கியபோது எனக்கு இருபத்து நான்கு வயது. ஆறு மாதம் பயிற்சி என்றார்கள். இரண்டாவது மாதமே காட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் கப்பல் கப்பலாக இறங்கிக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து ஏக்கர் நெல் நிலம். காட்டை வெட்டிய இடத்தில் அதை அளந்து, கட்டை நட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. அளப்பவனை இங்கே அமீன் என்பார்கள். முதல் நாள் யாரோ 'அமீன் சாப்' என்று கூப்பிட்டபோது என் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

என் குழுவில் இரண்டு செயின்மேன்கள். முன்னால் சங்கிலியை இழுத்துப் போகிறவன் முனியாண்டி, பரமக்குடிக்காரன். பின்னால் வருகிறவன் பௌலுஸ், ராஞ்சியிலிருந்து காடு வெட்ட வந்து இங்கேயே தங்கிவிட்டவன். முனியாண்டி பேசிக்கொண்டே இருப்பான். பௌலுஸ் சிரித்துக்கொண்டே இருப்பான். எனக்கு இரண்டுமே வசதி.

திங்கள் காலை சாத்தத்தில் ஃபெரி பிடித்து எதிர்க்கரை பாம்பூ பிளாட் போவோம். அங்கிருந்து லாரியும் நடையுமாகக் காட்டுக்கு. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்து ஜெட்டியில் இறங்கினால் கால்கள் தாமாகவே பாய் கடைக்குப் போகும். மர மில்லின் சுவரை ஒட்டி, தகரக் கூரை. காசிம் பாய் தொண்டிக்காரர். கடையின் பெஞ்சுகள் எல்லாம் மில்லில் கழித்துப்போட்ட படாக் பலகைகள். பெரிய மனிதர்கள் வீட்டு மேஜைக்குப் போகிற செம்மரத்தில் உட்கார்ந்துதான் நாங்கள் பரோட்டா தின்றோம். அடுப்பும் மில் தயவுதான். தகர டின்னில் மரத்தூளை இடித்து நிரப்பி, நடுவில் துளை விட்டு, கீழே பற்றவைத்தால் நாள் முழுக்க எரியும்.

வாசலில் ஒரு கொட்டாங்கச்சி நிறைய உப்பு வைத்திருப்பார். காட்டிலிருந்து வருகிறவர்கள் வாசலிலேயே காலைத் துடைத்து, உப்பைத் தடவி அட்டையை விழவைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். "அட்டையோட வர்றவங்களுக்கு டீ கிடையாது" என்பார். "அதுக்கும் சேத்து நான் எங்க போட?"

ஆறு நாள் ஈரத் துணியும் புளித்த சோறுமாக இருந்துவிட்டு, கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவை இரண்டு கையாலும் அடித்து உதிர்த்து, சூரை மீன் குழம்பை மேலே ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார் பாருங்கள், முதல் வாய் உள்ளே போகும்போது யாரும் பேசமாட்டோம். முனியாண்டிகூட. இரண்டாவது டீக்குத்தான் வாய் திறக்கும். அப்புறம் ஒரே கும்மாளம். அந்த வாரம் யார் சேற்றில் விழுந்தார், யார் காட்டுப்பன்றியைக் கண்டு மரம் ஏறினார் என்று ஒருவரை ஒருவர் வாரிவிடுவோம். என் வாழ்க்கையில் மிக நன்றாகச் சிரித்த இடம் அதுதான்.

எங்கள் மேலதிகாரி ராவ் சார் மட்டும் அங்கே வரமாட்டார். ஸ்ரீகாகுளம் பக்கத்தவர், ஒல்லி. காட்டுக்கு வந்தாலும் தன் டிபன் டப்பாவைத் தானே திறந்து, தனியாக ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார். குரலை உயர்த்தியதே கிடையாது. கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். சாதாரணமாக இருந்தால் நான் 'சுப்பையா'. கோபம் என்றால் 'சுப்பையா காரு'. அந்தக் 'காரு' காதில் விழுந்தால் ஆளுக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

அவரிடம் ஒரே ஒரு கண்டிப்பு: அம்புகளை எண்ணுவது. அம்பு என்றால் வில்லில் வைப்பது அல்ல. ஒரு முனை கூராகவும் மறுமுனை வளையமாகவும் இருக்கும் ஒரு முழ நீளக் கம்பி. சங்கிலி அறுபத்தாறு அடி, அதில் நூறு லிங்க். மீட்டர் கணக்கு அப்போது எங்கள் காட்டுக்குள் வந்து சேரவில்லை. முன்னால் போகிறவன் கையில் பத்து அம்பு இருக்கும். சங்கிலி முழுதாக நீண்டதும் ஒன்றைக் குத்திவிட்டு மேலே போவான். பின்னால் வருகிறவன் அதைப் பிடுங்கிக்கொள்வான். முன்னவன் கை காலியானால் பத்து சங்கிலி அளந்தாயிற்று என்று அர்த்தம். நான் புத்தகத்தில் பத்து என்று எழுதுவேன். அம்புகள் மறுபடி முன்னவன் கைக்குப் போகும். காலையில் வேலை தொடங்கும் முன்பு அமீன் தன் கையால் ஒவ்வொன்றாக எண்ணி, புத்தகத்தில் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் எழுதவேண்டும். இது ராவ் சார் சட்டம்.

நான் எண்ணினேனா? முதல் வருடம் எண்ணினேன். அப்புறம் சாமான்களை சனிக்கிழமை பாய் கடையின் மூலையிலேயே சாய்த்துவிட்டுப் போகும் பழக்கம் வந்தது. திங்கள் காலை வந்து, ஒரு டீயை விழுங்கி, சங்கிலியையும் அம்புக்கட்டையும் தூக்கிக்கொண்டு ஃபெரிக்கு ஓடுவோம். ஃபெரியில் உட்கார்ந்து, அம்புகளைப் பார்க்காமலே, ஆறு நாளுக்கும் சேர்த்துக் கட்டத்தில் 'பத்து' என்று நிரப்பிவிடுவேன். கட்டில் பத்து அம்பு இருக்கும் என்பது எனக்குக் கையில் பத்து விரல் இருப்பது மாதிரி.

அந்த முறை பதினாறு குடும்பங்களுக்கு நிலம். பாதையை ஒட்டி வரிசையாகப் பதினாறு மனை, ஒவ்வொன்றும் அகலம் ஐந்து சங்கிலி, ஆழம் பத்து சங்கிலி. ஐந்து ஏக்கருக்கு அதுதான் கணக்கு. முதல் வாரம் பாதையோரமாக அகலத்தை அளந்து முன் கட்டைகளை நட்டோம். இரண்டாவது வாரம் உள்ளே போய் பின் கட்டைகள், மொத்தம் பதினேழு. புதன்கிழமை நிராபதோ என்ற ஒரு வயதான குடியானவர் வந்து, என் கட்டையைப் பார்த்தார், அப்புறம் அதற்கு அப்பால் பார்த்தார்.

"அமீன் சாப், நாலா தோ பாஹர் ரஹ் கயா."

ஓடை வெளியே போய்விட்டதே என்கிறார். நிலத்தைக் காட்டியபோது ஓடை உங்கள் மனைக்குள் வரும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்களாம். ஓடை புதருக்குள் வளைந்து ஓடியதால் வரைபடத்தில் அது உத்தேசமாகத்தான் இருந்தது. எனக்கு வெயில், பசி. பத்து சங்கிலி என்றால் பத்து சங்கிலிதான், ஓடைக்காக சங்கிலி நீளாது என்று இந்தியில் எரிந்து விழுந்தேன். அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனார்.

சனிக்கிழமை ராவ் சார் சரிபார்க்க வந்தார். ஏழாவது மனையில் மூலைக்கு மூலை குறுக்கே அளக்கச் சொன்னார். ஐந்துக்குப் பத்து என்றால் குறுக்குக் கோடு பதினொரு சங்கிலி பதினெட்டு லிங்க் வரவேண்டும். எங்களுக்கு வந்தது பதினொன்று முப்பது. பன்னிரண்டு லிங்க் அதிகம். மறுபடி அளந்தோம். பன்னிரண்டு. சங்கிலியைத் தன் எஃகு டேப்பின் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார். சங்கிலியில் குற்றம் இல்லை.

"சுப்பையா காரு," என்றார். முனியாண்டி என் பின்னால் ஒதுங்கினான். "திங்கள் காலையிலே பெரிய ஆபீசர் வர்றார். குடும்பங்களுக்கு சீட்டு எடுத்து மனை கொடுக்கணும். இந்தப் பன்னிரண்டு லிங்க் எங்கேயிருந்து வந்ததுன்னு அதுக்குள்ளே எனக்குத் தெரியணும். தெரியலேன்னா நான் கையெழுத்து போட மாட்டேன்."

அவர் கையெழுத்துப் போடாவிட்டால் சீட்டு நடக்காது. மழைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. நாற்றுவிடும் காலம் தப்பினால் அந்தப் பதினாறு குடும்பமும் முகாம் கொட்டகையில் இன்னொரு வருடம் ரேஷன் அரிசியை நம்பி இருக்கவேண்டும். சீட்டு நடந்துவிட்டாலோ, எங்கள் பின் கட்டைகளை எல்லையாக வைத்துக் காட்டு இலாகா தன் தூண்களை நட்டுவிடும். அப்புறம் எந்தத் தப்பையும் திருத்த முடியாது.

அன்று பாய் கடையில் சிரிப்பு இல்லை. உப்பைத் தடவி, அட்டையைத் தட்டி, உள்ளே போய் உட்கார்ந்தோம். பரோட்டா வந்தது. நான் மனதுக்குள் பன்னிரண்டு லிங்க்கைத் தேடிக்கொண்டே ஒன்றைத் தின்றேன். இரண்டாவதில் பாதி போயிருக்கும். அடுப்பு புகைந்தது. பாய் ஒரு கம்பியை எடுத்துத் தூளுக்குள் விட்டுக் குடைந்தார். கறுத்த கம்பி. அதன் மேல்முனையில் வளையம். வளையத்தில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"பாய், அது என்ன கம்பி?"

"இதா? போன வாரம் தூள் மூட்டைப் பக்கத்துல கெடந்துச்சு அமீன் சாப். மில்லுக் கழிவோட வந்திருக்கும்னு எடுத்து வச்சேன். அடுப்புக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு பாருங்க."

முனியாண்டி மெல்லுவதை நிறுத்தினான். தூள் மூட்டை இருந்த மூலையில்தான் போன சனிக்கிழமை எங்கள் அம்புக்கட்டு சாய்ந்திருந்தது. பௌலுஸ் எழுந்து போய் அம்புக்கட்டை எடுத்துவந்து, பெஞ்சின்மேல் ஒவ்வொன்றாக வைத்தான். ஏக், தோ, தீன்... நௌ. ஒன்பது. அவ்வளவுதான். அவன் முகத்தில் அன்றுதான் முதல் முறையாகச் சிரிப்பைக் காணவில்லை.

பரோட்டா மடித்த காகிதத்தில் பென்சிலால் போட்டேன். ஒன்பது அம்பு காலியானதும் பத்து என்று எழுதியிருக்கிறேன். ஆக, ஆழம் ஒன்பது சங்கிலிதான். ஐந்துக்கு ஒன்பது என்றால் குறுக்குக் கோடு உண்மையில் பத்தேகால் சொச்சம். அதையும் அதே ஒன்பது அம்பால் அளந்ததில் ஒரு சங்கிலி கூடித் தெரிந்திருக்கிறது. கணக்கு போட்டேன்: பதினொன்று முப்பது. அப்படியே வந்து உட்கார்ந்தது! உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, சந்தோஷம். கணக்கு அவிழ்ந்த சந்தோஷம். அதற்கு அடுத்த நொடிதான் உடம்பு வேர்த்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரை ஏக்கர் குறைத்துவிட்டேன். ஓடையை வெளியே தள்ளியவன் நான்தான்.

முனியாண்டி குரலைத் தாழ்த்தினான். "சார், பேசாம இதைத் தொடச்சுக் கட்டுல சொருகிருவோம். செயின் முறுக்கிக்கிச்சுன்னு சொல்லிக்கலாம். நாளைக்கு நாம மூணு பேரும் போயி கட்டையைத் தள்ளி நட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"என் மேல பழியப் போடுங்க," என்றார் பாய். "கடைக்காரன் திருடிட்டான்னு சொல்லுங்க. எனக்கு என்ன, வேலையா போயிரும்?"

இரண்டு பேருமே எனக்காகத்தான் சொன்னார்கள். முனியாண்டி சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். அந்த டீ முழுவதும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் நானே அளந்து நானே தள்ளினால், இந்த முறையாவது சரி என்று எப்படி நம்புவது? என்மேல் எனக்கே நம்பிக்கை போயிருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. நிராபதோ ஓடையைப் பார்த்த பார்வை கண்ணைவிட்டுப் போகவில்லை. பாதி பரோட்டாவை அப்படியே வைத்துவிட்டு, அம்பைக் காகிதத்தில் சுற்றி, அளவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

டெலானிபூர் மேட்டில் ராவ் சார் குவார்ட்டர்ஸ். நான் போனபோது வெளிச்சம் இருந்தது. லுங்கியும் பனியனுமாக, முறத்தில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரை அந்தக் கோலத்தில் நான் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்பை வாங்கி, வளையத்தைத் திருப்பிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"மீன் குழம்பு," என்றார். பிறகு, "திங்கள் காலையிலே எண்ணினீங்களா?"

"இல்லை சார்."

"செவ்வாய்?"

"ஒரு நாளும் எண்ணலை சார்."

"புத்தகத்திலே ஆறு நாளும் பத்துன்னு இருக்கு."

அவர் உள்ளே போய் சிவப்பு மை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தில், 'அம்புகள் எண்ணப்படவில்லை, அளவு தவறு' என்று ஆங்கிலத்தில் எழுதி, "கையெழுத்து போடுங்க, சுப்பையா காரு" என்றார். போட்டேன். அதனால் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அது எனக்குக் கிடைக்கவேண்டியதுதான் என்று அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

வாசல்வரை வந்தார். "சாப்பிட்டீங்களா?"

"ஒன்றரை பரோட்டா சார்."

"நாளைக்கு முதல் ஃபெரி. நானும் வர்றேன். முழுசா சாப்பிட்டுட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை பௌலுஸ் இடத்தில் ராவ் சார் நின்றார். பேண்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, பின்னால் வந்து, ஒவ்வொரு அம்பையும் பிடுங்கும்போது தெலுங்கில் சத்தமாக எண்ணினார். ஒகட்டி, ரெண்டு, மூடு... ஒன்பதாவது அம்பு விழுந்த இடத்தில் என் கட்டை நின்றது. பத்தாவது, ஓடையைத் தாண்டிய மேட்டில் விழுந்தது. குடியானவர்கள் விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியோடு ஓடிவந்துவிட்டார்கள். பழைய கட்டையைப் பிடுங்குவதும் புதிய குழி தோண்டுவதும் அவர்கள் வேலையாயிற்று. பதினேழு கட்டைகளும் ஒரு சங்கிலி தள்ளி நின்றபோது மணி மூன்று.

நிராபதோவிடம் போனேன். என் கணக்குதான் தப்பு, அன்று உங்களிடம் எரிந்து விழுந்ததும் தப்பு என்றேன். அவர் ஓடையில் இறங்கிக் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, இரு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். "அப் டீக் ஹை, சாப்" என்றார். இப்போது சரி. எனக்கும் அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்து சாத்தத்தில் இறங்கியதும் ராவ் சார் கேட்டார்: "அந்தக் கடை எங்கே, சுப்பையா?" 'காரு' இல்லை! நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வாசலில் உப்பை எடுத்து, தன் காலில் இருந்த நான்கு அட்டைகளை நிதானமாக விழவைத்துவிட்டு உள்ளே வந்தார். ராவ் சார் அம்புக்கட்டை மேஜைமேல் பிரித்து வைத்தார். "பாய், நீங்களே எண்ணுங்க."

பாய் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு..." கறுத்த அம்பு வந்தபோது மட்டும் அதை லேசாகத் தடவினார். "பத்து!"

"இப்போ டீ கொடுங்க," என்றார் ராவ் சார்.

அவரும் இரண்டு பரோட்டா சாப்பிட்டார். இரண்டாவது டீக்கு அவருக்கும் வாய் திறந்தது. புதிதாக வேலைக்கு வந்த வருடத்தில் ஒரு கிணற்றையே வரைபடத்தில் விட்டுவிட்ட கதையைச் சொன்னார். முனியாண்டி சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

மறுநாள் கையெழுத்தும் ஆயிற்று, சீட்டும் நடந்தது. அடுத்த சனிக்கிழமை ராவ் சார் மில் பட்டறையில் சொல்லி ஒரு இரும்புக் கம்பி வெட்டிக்கொண்டு வந்து பாயிடம் கொடுத்தார். "இதுக்கு வளையம் கிடையாது, குழப்பம் வராது" என்றார். அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை வந்தால் அட்டைக்கு உப்பு, அப்புறம் மேஜையில் அம்பு. திங்கள் காலையும் அப்படியே. எண்ணிக்கை காதில் விழாமல் பாய் டீ ஆற்றவே மாட்டார். மில் ஆட்களும் ஃபெரிக்காரர்களும் எங்களோடு சேர்ந்து கத்துவார்கள்: "எட்டு... ஒம்பது... பத்து!" ராவ் சாரின் டிபன் டப்பா அப்புறம் சனிக்கிழமைகளில் வெளியே வரவில்லை.

நான்கு வருடம் கழித்து அவருக்கு மெயின்லாண்டுக்கு மாற்றல் வந்தது. கப்பல் சாத்தத்திலிருந்துதான் புறப்பட்டது. பாய் கடையை அடைத்துவிட்டு, பரோட்டாப் பொட்டலத்தோடு எங்களுடன் வந்தார். கப்பல் நகர்ந்தது. மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ராவ் சார், எங்களைக் கண்டுபிடித்ததும் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, விரல்களை அகல விரித்தார். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கப்பலில் இருந்தவர்கள் மனிதர் கையசைக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். கரையில் நின்ற நாங்கள் நான்கு பேரும், ஜெட்டியே திரும்பிப் பார்க்கும்படி, அடித்தொண்டையிலிருந்து கத்தினோம்: "பத்து!"